பழுதுக்கும் ஒரு கணக்கு: அமெரிக்கப் பொதுப் போக்குவரத்தில் பராமரிப்பு இலக்குகள் வந்த வரலாறு

அமெரிக்காவில் மத்திய அரசின் பணத்தைப் பெறும் நகரப் பேருந்து, ரயில் நிர்வாகங்கள் ஆண்டுதோறும் தங்கள் சொத்துகளைப் பற்றிச் சில எண்களை அறிவிக்க வேண்டும். பயணிகளை ஏற்றும் வண்டிகளில் எத்தனை சதவீதம் தம் ஆயுளைத் தாண்டியும் ஓடுகின்றன? பழுதுபார்க்கும் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிச் செல்லும் லாரி, வேன்களில் எத்தனை சதவீதம் அப்படி இருக்கின்றன? நிலையங்கள், பணிமனைகள், அலுவலகக் கட்டடங்களில் எத்தனை சதவீதம் மோசமான நிலையில் உள்ளன? ரயில் ஓட்டும் நிர்வாகமாக இருந்தால், தண்டவாளத்தில் எத்தனை சதவீதத்தில் வேகத்தைக் குறைத்து ஓட்ட வேண்டியிருக்கிறது? இன்றைய நிலவரத்தோடு, அடுத்த ஆண்டு அது எந்த அளவில் இருக்க வேண்டும் என்ற இலக்கையும் சேர்த்துத் தர வேண்டும். வீட்டுக்காரர் எவரும் தம் வீட்டைப் பற்றிக் கேட்டுக்கொள்ளக்கூடிய கேள்விகள்தாம் இவை. ஆனால் நியூயார்க் தெருவில் முதல் குதிரை டிராம் ஓடியது 1832இல். இந்தக் கேள்விகளைக் கேட்கச் சொல்லும் சட்டம் வந்தது 2012இல்.

குதிரை டிராம் காலத்தில் பராமரிப்பு என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயமாக இருக்கவில்லை. ஒரு குதிரை நாளொன்றுக்கு நாலைந்து மணி நேரம் இழுக்கும். நாலைந்து ஆண்டுகள் உழைத்த பிறகு விற்கப்படும். ஒரு வண்டியை நாள் முழுக்க ஓட்டப் பல குதிரைகளை லாயத்தில் மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். எந்தக் குதிரைக்கு என்ன வயது, எப்போது மாற்று வாங்க வேண்டும் என்பது கம்பெனிக்காரருக்கு விரல் நுனியில் இருந்தது. 1872இல் வட அமெரிக்கா முழுவதும் குதிரைகளுக்குக் காய்ச்சல் பரவியபோது நகரங்களில் டிராம்கள் நின்றே போயின. குதிரைக்கு இன்று தீனி போடாவிட்டால் நாளைக்கு வண்டி நகராது.

1888இல் ஃபிராங்க் ஸ்ப்ரேக், வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் மின்சார டிராமை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியதும் நிலைமை மாறியது. தண்டவாளத்துக்கு அடியில் உள்ள கட்டையை இந்த ஆண்டு மாற்றாவிட்டாலும் அடுத்த ஆண்டு வண்டி ஓடும். அதற்கடுத்த ஆண்டும் ஓடும். கேபிளின் உறை உள்ளுக்குள் காய்ந்து வெடிப்பதை யாரும் பார்ப்பதில்லை. தேய்மானத்துக்கு என்று வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது கணக்கர்களுக்குத் தெரியும். ஆனால் பங்குதாரருக்கு லாபம் கொடுக்க வேண்டிய ஆண்டில் முதலில் கை வைக்கப்படும் இடமும் அதுவாகவே இருந்தது.

கட்டணம் இந்தப் பழக்கத்தை இன்னும் இறுக்கியது. நியூயார்க்கின் சுரங்க ரயில் 1904 அக்டோபர் 27 அன்று 5 சென்ட் கட்டணத்தில் ஓடத் தொடங்கியது. முதல் உலகப் போரின்போது விலைவாசி ஏறக்குறைய இரட்டிப்பாகியும் அந்த 5 சென்ட் அசையவில்லை. கம்பெனிகளுடனான ஒப்பந்தத்திலேயே கட்டணம் எழுதப்பட்டிருந்தது. அதைத் தொட நினைத்த அரசியல்வாதி தேர்தலில் தோற்பார் என்பது நகரத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். 1940இல் நகர நிர்வாகமே இரண்டு தனியார் கம்பெனிகளையும் வாங்கிக்கொண்டது. கட்டணம் 10 சென்ட் ஆனது 1948 ஜூலையில்தான். 44 ஆண்டுகள் ஒரே விலைக்கு விற்கப்பட்ட சரக்கின் தரம் என்னவாகியிருக்கும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கார்கள் பெருகி, பயணிகள் குறைந்து, தனியார் கம்பெனிகள் ஊருக்கு ஊர் திவாலானபோது, நகராட்சிகளும் மாநிலங்களும் அவற்றை எடுத்து நடத்தத் தொடங்கின. 1964 ஜூலையில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட நகரப் பொதுப் போக்குவரத்துச் சட்டம் முதன்முறையாக மத்திய அரசின் பணத்தை இதற்குள் கொண்டுவந்தது. புதிய வண்டி வாங்கவும் புதிய பாதை போடவும் ஆகும் செலவில் மூன்றில் இரண்டு பங்கை வாஷிங்டன் கொடுக்கும். 1973இல் அது 80 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் எண்ணெய் ஊற்றுவது, பிரேக் கட்டை மாற்றுவது, கூரை ஒழுக்கை அடைப்பது எல்லாம் உள்ளூர்க்காரர் செலவு. 1974க்குப் பிறகு அன்றாடச் செலவுக்கும் ஓரளவு உதவி வந்தது. ஆனாலும் அடிப்படைச் சாய்வு மாறவில்லை: நன்றாகப் பராமரித்தால் முழுச் செலவும் உங்களுடையது, பாழாக விட்டுப் புதிதாக வாங்கினால் 5இல் 4 பங்கு அடுத்தவர் பணம். எந்த நிர்வாகி என்ன முடிவெடுப்பார் என்று யூகிக்கப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் பேருந்துகளுக்கு முதல் வயதுக் கணக்கு வந்தது. மத்திய அரசின் பணத்தில் வாங்கிய பெரிய பேருந்து குறைந்தது 12 ஆண்டுகளாவது 5,00,000 மைலாவது ஓடியிருந்தால்தான் அதற்கு மாற்று வாங்க மறுபடி பணம் கேட்கலாம் என்று விதி செய்தார்கள். 50 அல்லது அதற்கு மேல் பேருந்து வைத்திருப்பவர் உச்ச நேரத் தேவைக்கு மேல் 20 சதவீதத்துக்கு அதிகமாக உதிரி வண்டிகளைச் சேர்த்து வைக்கக் கூடாது என்றும் ஒரு வரம்பு உண்டு. பணத்தை வீணாக்காமல் இருக்க வைத்த தடுப்புகள் இவை. வண்டி நல்ல நிலையில் இருக்கிறதா என்று அவை கேட்கவில்லை. விளைவாக, 12 என்ற தரை எண்ணே பல ஊர்களில் கூரை எண்ணாக மாறியது. 12 ஆண்டு முடிந்ததும் புதிய வண்டிக்கு மனு போட்டார்கள்.

பராமரிப்பைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு நகரம் மற்ற எல்லோருக்குமாகச் சேர்த்து அனுபவித்தது. 1975இல் நியூயார்க் நகரம் கடனைத் திருப்பித் தர முடியாமல் திவாலின் விளிம்புக்குப் போனது. சுரங்க ரயிலில் முதலில் வெட்டப்பட்டது தடுப்புப் பராமரிப்பு. பழுதாகும் முன் ஒரு பாகத்தை மாற்றுவதை நிறுத்திவிட்டு, நின்றுபோனால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுவது ஒரு கொள்கையாகவே ஆயிற்று.

அதன் பலன் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்தது. பிரேக் சரியாக விடுபடாமல் சக்கரம் உருளாமல் சறுக்கிக்கொண்டே போனால், தண்டவாளத்தில் உரசும் இடத்தில் அது தட்டையாகத் தேய்ந்துவிடும். கடைந்து சரிசெய்யாவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தத் தட்டை தண்டவாளத்தைச் சம்மட்டியைப் போல அடிக்கும். தண்டவாளம் தளரும், தளர்ந்த தண்டவாளம் அடுத்த வண்டியின் அச்சைக் கெடுக்கும். கதவுகள் பாதி திறந்து நின்றன. விளக்கு எரியாத பெட்டிகள் இருட்டில் ஓடின. உள்ளும் புறமும் மையால் கிறுக்கப்படாத பெட்டி கிடையாது. தண்டவாளம் நம்பத்தகாத இடங்களில் சிவப்புக் குறி போட்டு, மணிக்கு 10 மைல் வேகத்தில் ஊர்ந்து போகச் சொன்னார்கள். நம்மூர் ரயில்வேக்காரர்கள் காஷன் ஆர்டர் என்று சொல்வார்களே, அந்த வகை. அப்படிப்பட்ட இடங்கள் நூற்றுக்கணக்கில் பெருகின.

புதிதாக வாங்கியவையும் காப்பாற்றவில்லை. 1975 முதல் 1978 வரை வந்துசேர்ந்த 754 புதிய பெட்டிகளின் சக்கரச் சட்டங்களில் விரிசல் கண்டது. ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. 1980இன் இறுதியில் புத்தம்புதிய கிரம்மன் பேருந்துகளின் அடிச்சட்டம் வெடித்து, அவற்றைத் தெருவிலிருந்து திரும்பப் பெற்றார்கள். 1982இல் சுரங்க ரயிலில் ஏறியவர்களின் எண்ணிக்கை 1917க்குப் பிறகு மிகக் குறைந்த அளவைத் தொட்டது.

ரிச்சர்ட் ராவிச் கட்டுமானத் தொழிலிலிருந்து வந்தவர். 1979இல், நியூயார்க்கின் ரயில், பேருந்துகளை நடத்தும் மெட்ரோபாலிட்டன் டிரான்ஸ்போர்ட்டேஷன் அதாரிட்டியின் தலைவரானார். அவர் செய்த முதல் உருப்படியான காரியம் ஒரு கணக்கெடுப்பு: என்னென்ன இருக்கிறது, எது எந்த நிலையில், சரிசெய்ய எவ்வளவு ஆகும்? 1980இல் வந்த விடை, 10 ஆண்டுகளுக்கு 1,400 கோடி டாலர். அவ்வளவு பெரிய தொகையைச் சொன்னதே அரசியல் துணிச்சல்தான். அதுவரை ஆண்டுதோறும் பற்றாக்குறை எவ்வளவு என்றுதான் சட்டமன்றத்தில் பேசுவார்கள். மொத்தம் எவ்வளவு பாழாகியிருக்கிறது என்று யாரும் தொகை போட்டதில்லை. கட்டண வருமானத்தை ஈடாக வைத்துக் கடன் பத்திரம் வெளியிட 1981இல் மாநிலச் சட்டமன்றம் அனுமதித்தது. அதே ஆண்டு வந்த மத்திய வரிச் சட்டத்தில் இருந்த ஒரு சந்துவழியாக, அரசு நிறுவனத்துக்குப் பயன்படாத தேய்மான வரிச்சலுகையைத் தனியார் கம்பெனிக்கு விற்றும் ராவிச் பணம் திரட்டினார். எந்தத் தேய்மானம் ரயிலைக் கெடுத்ததோ, அதையே காசாக்கினார் என்று சொன்னால் தவறில்லை. 1982இல் 700 கோடி டாலருக்கு மேற்பட்ட முதல் ஐந்தாண்டு மூலதனத் திட்டம் தொடங்கியது. கவாசாகியிடம் 325 பெட்டிகளும் பம்பார்டியரிடம் 825 பெட்டிகளும் வாங்கப்பட்டன.

பணத்தோடு ஆளும் வந்தார். ராவிச்சுக்குப் பின் தலைவரான ராபர்ட் கைலி, ஃபிலடெல்ஃபியா போக்குவரத்தை நடத்திக்கொண்டிருந்த டேவிட் கன்னை 1984இல் நியூயார்க் சுரங்க ரயிலுக்குத் தலைமை நிர்வாகியாக அழைத்துவந்தார். ஒரு பணிமனையில் வேலை நடக்கவில்லை என்றால் யாரைக் கேட்பது என்றே தெரியாத அமைப்பு அப்போது அங்கே இருந்தது. மேற்பார்வையாளர்களும் தொழிலாளர்களும் ஒரே தொழிற்சங்கக் குடையின் கீழ் இருந்தார்கள். மேற்பார்வை அடுக்கைத் தனியாகப் பிரித்து, ஒவ்வொரு பணிமனைக்கும் பெயர் சொல்லிப் பொறுப்பாளர் வைத்தார் கன். அவருடைய கையில் இருந்த அளவுகோல் ஒன்றுதான்: ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடையே பெட்டிகள் சராசரியாக எத்தனை மைல் ஓடுகின்றன?

இந்த எண்ணைக் கணக்கிடுவது எளிது. எல்லாப் பெட்டிகளும் ஒரு மாதத்தில் ஓடிய மைல்களைக் கூட்டி, ரயிலைத் தாமதப்படுத்திய பழுதுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் அது 7,000 மைல் அளவில் இருந்தது. வண்டி வகைக்கு ஒன்று, பணிமனைக்கு ஒன்று என்று மாதாமாதம் இந்த எண் வெளியானதும் யார் கையில் வண்டிகள் நன்றாக இருக்கின்றன என்பது மறைக்க முடியாததாயிற்று. பழுதானதைப் பார்ப்பதற்குப் பதிலாக, கதவு மோட்டார், பிரேக் வால்வு, காற்றழுத்தி ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட காலத்தில் கழற்றிப் புதுப்பிக்கும் சுழற்சி வந்தது. 2000களில் அந்த 7,000 மைல் 1,00,000 மைலைத் தாண்டியிருந்தது.

பெட்டிகளில் இருந்த மைக் கிறுக்கலுக்கும் கன் ஓர் இலக்கு வைத்தார். அது கறாரான இலக்கு. ஒரு முறை சுத்தம் செய்யப்பட்ட பெட்டி மறுபடி கிறுக்கலோடு ஓடக் கூடாது. கிறுக்கினால் துடைக்கும்வரை வெளியே விடக் கூடாது. உச்ச நேரத்தில் வண்டி குறைந்தாலும் சரி. 1989 மே 12 அன்று கிறுக்கல் உள்ள கடைசி ரயில் ஓட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. பார்வைக்குச் சிறிய விஷயம். ஆனால் கால்வாசி, அரைவாசி என்று பேரம் பேச இடம் தராத, பயணி தன் கண்ணாலேயே சரிபார்க்கக்கூடிய இலக்கு அது. இந்த வரலாற்றில் அதைப் போல் தெளிவான இன்னொன்று அமையவில்லை.

நியூயார்க்கின் அனுபவம் மற்ற ஊர்களுக்கு உடனே தொற்றவில்லை. 1990களில் மத்திய அரசின் பொதுப் போக்குவரத்து நிர்வாகம் (இனி மத்திய நிர்வாகம்) நாடு முழுவதும் உள்ள போக்குவரத்துச் சொத்துகளின் நிலையைக் கணிக்க ஒரு கணினி மாதிரியை உருவாக்கியது. 5 என்றால் புதுக்கருக்கு அழியாதது, 1 என்றால் பாழ் என்ற மதிப்பெண் முறை அதில்தான் வந்தது. 1998ஆம் ஆண்டின் சட்டம் பெரிய நகரங்களுக்கு அன்றாடச் செலவு உதவியை நிறுத்தியது; ஆனால் தடுப்புப் பராமரிப்பை மூலதனச் செலவாகக் காட்டிக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்தது. 1964இல் போட்ட முடிச்சு அப்போதுதான் கொஞ்சம் தளர்ந்தது. சிகாகோவில் 2006 ஜூலையில் சுரங்கத்துக்குள் ஒரு ரயில் தடம்புரண்டு புகை சூழ்ந்தது. அதன் பிறகு வேகக் குறைப்பு உள்ள இடங்களை வரைபடமாகவே பொதுமக்களுக்கு வெளியிட அந்நகர நிர்வாகம் பழகியது. 2013இல் தென்பகுதிச் சிவப்புப் பாதையை 5 மாதம் முழுதாக மூடிவிட்டு, 10 மைலுக்குத் தண்டவாளத்தை அடியோடு மாற்றிப்போட்டது.

சட்டத்தை அசைத்தது தலைநகரில் நடந்த விபத்து. வாஷிங்டன் மெட்ரோ 1976இல் திறக்கப்பட்டபோது நாட்டிலேயே நவீனமான ரயில். 2009 ஜூன் 22 மாலை, ஃபோர்ட் டோட்டன் நிலையத்துக்கு அருகே நின்றிருந்த ரயிலின் மீது பின்னால் வந்த ரயில் மோதி 9 பேர் இறந்தார்கள். தண்டவாளத்தில் ரயில் இருப்பதை உணர வேண்டிய மின்சுற்று, நின்றிருந்த ரயிலைக் காணவில்லை. மோதிய ரயிலின் முன்பெட்டி 1976இன் முதல் தொகுதியைச் சேர்ந்தது. அந்த வகைப் பெட்டி மோதலில் நசுங்கிவிடும், ஓய்வு கொடுங்கள் அல்லது வலுப்படுத்துங்கள் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முன்பே சொல்லியிருந்தது. வரிச்சலுகைக் குத்தகை ஒப்பந்தத்தில் அந்தப் பெட்டிகள் 2014 இறுதிவரை கட்டுண்டிருப்பதாக நிர்வாகம் பதில் சொல்லியிருந்தது. ராவிச் காலத்தில் கைகொடுத்த அதே வகைத் தந்திரம் இங்கே காலைக் கட்டியது.

விபத்துக்கு இரண்டு மாதம் முன்புதான், செனட்டர்கள் சிலர் கேட்டுக்கொண்டதன்பேரில், நாட்டின் 7 பெரிய ரயில் நிர்வாகங்களை மத்திய நிர்வாகம் ஆய்வு செய்து அறிக்கை கொடுத்திருந்தது. அவற்றின் சொத்துகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுமாரான அல்லது மோசமான நிலை. சரிசெய்ய 5,000 கோடி டாலர் வேண்டும். 2010இல் நாடு முழுவதற்கும் கணக்கிட்டபோது தேங்கிய வேலை 7,770 கோடி டாலர் என்று வந்தது. அப்போது மத்திய நிர்வாகத்தின் தலைவராக இருந்த பீட்டர் ரோகாஃப், இருக்கும் ரயிலையே ஓட்டக் காசில்லாதவர்கள் புதிய பாதை கேட்பது ஏன் என்று பாஸ்டனில் வெளிப்படையாகவே கேட்டார். ரிப்பன் வெட்டுவதற்குத் தலைவர்கள் வருவார்கள். பழைய கேபிளை மாற்றி முடித்த விழாவுக்கு யாரும் வருவதில்லை என்பது எல்லா நாட்டிலும் உள்ள கதைதான்.

2012 ஜூலை 6 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட போக்குவரத்துச் சட்டம், சொத்து நிர்வாகத் திட்டத்தையும் இலக்குகளையும் கட்டாயமாக்கியது. விரிவான விதிகள் எழுதி முடிய 4 ஆண்டுகள் ஆயின. 2016 ஜூலையில் வெளியான விதி அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்தது. முதல் இலக்குகளை 3 மாதத்துக்குள், முழுத் திட்டத்தை 2018 அக்டோபருக்குள் தர வேண்டியிருந்தது.

விதியின் நுணுக்கங்கள் கவனிக்கத்தக்கவை. ஒரு சொத்து நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்ல மூன்று நிபந்தனைகள்: எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையைச் செய்ய வேண்டும், தெரிந்தே ஏற்க முடியாத ஆபத்து அதில் இருக்கக் கூடாது, அதன் ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டிய பழுதுபார்ப்புகள் பாக்கியில்லாமல் நடந்திருக்க வேண்டும். ஆனால் ஆயிரக்கணக்கான வண்டிகளில் இதை ஒவ்வொன்றாக ஆராய முடியாது என்பதால், அளவுகோல் வயதில் போய் நின்றது. மத்திய நிர்வாகம் வகைக்கு ஒரு பயனாயுளை நிர்ணயித்துக் கொடுத்தது. பேருந்துக்கு 14 ஆண்டு, வேனுக்கு 8, சுரங்க ரயில் பெட்டிக்கும் இலகு ரயில் பெட்டிக்கும் 31, புறநகர் ரயில் எஞ்சினுக்கு 39, படகுக்கு 42. கேபிளால் இழுக்கப்படும் டிராமுக்கு 112 ஆண்டு! சான் ஃபிரான்சிஸ்கோவின் சரிவுத் தெருக்களில் ஏறி இறங்கும் கேபிள் கார்களுக்காகவே எழுதப்பட்டது போன்ற எண் இது. மரமும் பித்தளையுமாக அவற்றைப் பணிமனையில் பாகம் பாகமாகப் புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். இந்த எண்களை அப்படியே ஏற்க வேண்டும் என்பதில்லை. பனிக்கு உப்பு தூவும் ஊரில் அடிச்சட்டம் சீக்கிரம் துருப்பிடிக்கும். அங்கே நிர்வாகம் தன் நிலைமைக்கேற்ப வேறு ஆயுளை வைத்துக்கொள்ளலாம்.

12க்கும் 14க்கும் உள்ள வேறுபாட்டைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. 12 ஆண்டு என்பது அதற்கு முன் மாற்று வாங்கப் பணம் கேட்காதே என்ற பழைய வரம்பு. 14 ஆண்டு என்பது அதற்கு மேல் ஓடினால் கணக்கில் காட்டு என்ற புதிய குறி. ஒன்று கருவூலத்தைக் காக்க வைத்தது, மற்றது பயணிக்காக வைத்தது.

கட்டடங்களுக்கு அந்தப் பழைய 5 மதிப்பெண் முறை வந்தது. கூரை, மின் இணைப்பு, குழாய், தீயணைப்பு, மின்தூக்கி என்று பகுதி பகுதியாகப் பார்த்து மதிப்பெண் போட்டு, 3க்குக் கீழே வந்தவை எத்தனை சதவீதம் என்று சொல்ல வேண்டும். 4 ஆண்டுக்குள் எல்லாக் கட்டடங்களையும் ஒரு முறையாவது நேரில் பார்த்து முடிக்க வேண்டும். தண்டவாளத்துக்கான அளவீடு இன்னும் திட்டவட்டமானது: ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை காலை 9 மணிக்கு எந்தெந்த இடத்தில் வேகக் குறைப்பு நடப்பில் இருக்கிறதோ அவற்றின் நீளத்தைக் கூட்ட வேண்டும். நாள் பார்த்து, நேரம் பார்த்து எண்ணச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நல்ல நாளைத் தேர்ந்தெடுத்து எண்ணும் சாமர்த்தியத்துக்கு அது இடம் தருவதில்லை.

ரயில் ஓட்டுபவர்களும் 100க்கு மேற்பட்ட வண்டி வைத்திருப்பவர்களும் முதல் வகை. மற்றவர்கள் இரண்டாம் வகை. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் நாலைந்து வேன் ஓட்டும் கிராமப்புற அமைப்புகூட இரண்டாம் வகையில் வரும். அவர்கள் தனியாகத் திட்டம் எழுதத் தேவையில்லை. மாநிலப் போக்குவரத்துத் துறை எல்லோருக்குமாக ஒரு கூட்டுத் திட்டம் எழுதலாம். முதல் வகையினரின் திட்டத்தில் 9 அம்சங்கள், இரண்டாம் வகைக்கு 4. எந்த வகையானாலும், இத்தனைக்கும் பொறுப்பு இவர்தான் என்று ஒரு தலைமை அதிகாரி குறிக்கப்பட வேண்டும். நியூயார்க்கில் கன் செய்ததன் சாயல் இதில் தெரிகிறது.

இலக்கை எட்டாவிட்டால் என்ன? ஒன்றும் இல்லை. தவறியதற்குத் தண்டனை கிடையாது, எட்டியதற்குப் பரிசும் கிடையாது. இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. தண்டனை வைத்தால் எல்லோரும் எட்டக்கூடிய இலக்கைத்தான் எழுதுவார்கள். மேலும், பணமில்லாத ஊரின் நிலை அடுத்த ஆண்டு இன்னும் மோசமாகும் என்றால் அதையே இலக்காக எழுதவும் விதி இடம் தருகிறது. ஆயுள் கடந்த பேருந்து இந்த ஆண்டு 20 சதவீதம், அடுத்த ஆண்டு 25 சதவீதம் என்று ஒரு நிர்வாகம் நேர்மையாக எழுதித் தரலாம். இலக்கு என்ற பெயருக்கு அது பொருந்தாமல் போகலாம். ஆனால் பணம் ஒதுக்குபவர்களின் மேசையில் அந்த எண் எழுத்தில் இருக்கும். நகரங்களின் வட்டாரத் திட்டக் குழுக்களும் இந்த எண்களைக் கொண்டு தங்கள் வட்டாரத்துக்கு இலக்கு வைக்க வேண்டும் என்பதால், புதிய பாதைக்கும் பழைய பாலத்துக்கும் இடையே பணத்தைப் பங்கிடும்போது இதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

வயதை அளப்பதில் குறையும் உண்டு. நன்றாகப் பராமரிக்கப்பட்ட 16 வயதுப் பேருந்து, கவனிக்காமல் விட்ட 8 வயதுப் பேருந்தைவிட நல்லது. ஆனால் இந்தக் கணக்கில் முந்தையதுதான் குற்றவாளி. இந்திய மாநிலப் போக்குவரத்துக் கழகங்கள், தமிழ்நாட்டுக் கழகங்கள் உட்பட, நெடுங்காலமாக வேறு வழியில் கணக்கிடுகின்றன: ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர், 10,000 கிலோமீட்டருக்கு எத்தனை பிரேக்டவுன், டிப்போவில் உள்ள வண்டிகளில் எத்தனை சதவீதம் ரோட்டில் ஓடுகிறது. இவை வண்டியின் ஓட்டத்தைச் சொல்லும். டிப்போவின் கூரை எப்போது இடியும் என்று சொல்லாது. இரண்டு முறையும் சேர்ந்திருப்பதே சரி.

விதி வந்த அடுத்த ஆண்டே அதன் எல்லை தெரிந்தது. 2017 ஜூன் 27 அன்று நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு சுரங்க ரயில் தடம்புரண்டது. சரியாகக் கட்டி வைக்காமல் தண்டவாளத்தின் நடுவே விட்டிருந்த உதிரித் தண்டவாளத் துண்டுதான் காரணம். இரண்டு நாளில் மாநில ஆளுநர் அவசரநிலை அறிவித்தார். 1,00,000 மைல் என்ற பெருமைக்குரிய எண் வண்டிகளைப் பற்றியது. 1930களில் பொருத்திய சிக்னல் கருவிகளைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

நாட்டின் மிகப் பழைய சுரங்கப் பாதை பாஸ்டனில் 1897இல் திறக்கப்பட்டது. அங்கே 2022இல் மத்திய நிர்வாகமே ஆய்வாளர்களை அனுப்பியது. பெரிய புதிய திட்டங்களில் கவனம் வைத்த நிர்வாகம் அன்றாட ஓட்டத்தையும் பராமரிப்பையும் ஆள் இல்லாமல் விட்டுவிட்டது என்று அவர்களின் அறிக்கை சொன்னது. அந்த ஜூலையில்தான் ஆற்றுப் பாலத்தின் மேல் ஒரு ரயில் தீப்பற்றி, பயணிகள் ஜன்னல் வழியே இறங்கினார்கள். ஒருவர் ஆற்றில் குதித்தார். 2023 மார்ச்சில், தண்டவாளக் குறைகளைச் சரிசெய்ததற்கான பதிவேடுகளே சரியாக இல்லை என்பது தெரிந்ததும், எல்லாச் சுரங்கப் பாதைகளிலும் ஒரே இரவில் வேகம் குறைக்கப்பட்டது. அந்த முழுக் கட்டுப்பாடு நீங்கிய பிறகும் ஏறக்குறைய கால்வாசித் தண்டவாளத்தில் ரயில்கள் ஊர்ந்தன.

அந்த ஏப்ரலில் பாஸ்டன் போக்குவரத்தின் தலைமை நிர்வாகியாகப் பொறுப்பேற்ற ஃபிலிப் எங், இரவில் கிடைக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒட்டுப்போடும் வழக்கத்தை விட்டுவிட்டார். எந்தப் பாதையை எந்த வாரம் மூடுவது என்று முன்கூட்டியே அட்டவணை போட்டு அறிவித்தார். நாள் கணக்கில் முழுதாக மூடி, பயணிகளைப் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, கட்டையும் தண்டவாளமும் மாற்றப்பட்டன. எத்தனை வேகக் குறைப்புகள் மிச்சம் என்பது பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட்டது. 2024 டிசம்பரில் அந்தப் பட்டியல் காலியானது. 20 ஆண்டுகளுக்கு மேல் பாஸ்டன் அப்படி ஒரு நாளைப் பார்த்ததில்லை. நாடு முழுவதும் தேங்கிக் கிடக்கும் பழுதுபார்ப்பின் மதிப்போ, விதி வந்தபோது 9,000 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. அதன் பிறகு 10,000 கோடியைத் தாண்டிவிட்டது.